நோட்டன் பிரிட்ஜில் எடுத்த படம்

2025 மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்டூடியோவில் ஒரு கல்யாண ஆல்பத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

பதினைந்தாம் திகதி தலவாக்கலை மைதானத்தில் திறந்தவெளி ரெகே கச்சேரி. பக்கத்துக் கூடாரத்தில் என் படங்கள். ஏழு வருஷமாக மலையக ரொக் குழுக்களின் பின்னால் அலைந்து எடுத்தவை. இருபத்திரண்டு. என் முதல் கண்காட்சி. கச்சேரியை நடத்துகிற ஹிஷாம் நானா, ஹட்டனில் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பவர், பேனருக்கு ரொக் குழுவில் பேஸ் வாசித்த என் சிநேகிதி ஜெயந்தினியின் படத்தையே தேர்ந்தெடுத்துவிட்டார். 2019 மார்ச், நோட்டன் பிரிட்ஜ், லொறி மேல் போட்ட மேடை. தோளில் பேஸ் கிட்டார், நனைந்த முகம், மூடிய கண், திறந்த வாய். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

மார்ச் 6, வியாழன்

ஜெயந்தினி கோல் எடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. "அந்தப் படத்த எடுத்துரு பிரியந்தி." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

புருஷன் சொல்லியிருப்பான். வேறென்ன? கல்யாணமாகி டீச்சரும் ஆன பிறகு கிட்டார் பிடிச்ச படம் ரோட்டுல தொங்கக் கூடாதாக்கும்.

மார்ச் 7

கோபம் அடங்கவில்லை. ஞாயிறு நேரே போய்க் கேட்டுவிடுவது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கரப்பத்தனை பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவள் கணவர் பிரதாப். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பேனரை ஃபேஸ்புக்கில் பார்த்து, கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் காட்டினாராம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை ஜெயந்தினி கூட வந்தாள். பாதித் தூரத்தில் நின்றாள்.

"அன்னைக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடி தம்பி கோல் எடுத்தான். அப்பா தேயிலை மலையில வேலை செய்யும்போதே விழுந்து செத்துட்டாருன்னு. பஸ் எல்லாம் போயிருச்சு. ஊருக்குப் போக மேடை போட்ட அந்த லொறி ஒண்ணுதான். கச்சேரி முடிஞ்சாத்தானே லொறி போகும்? அதான் வாசிச்சேன்."

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "நான் பாடல பிரியந்தி. அழுதேன்," என்றாள்.

அவள் அப்பா அந்த வாரம் இறந்தது தெரியும். அந்தச் சாயங்காலம்தான் என்று தெரியாது. கேட்டதேயில்லை. அப்போது, படம் பிரமாதம் என்று எழுதி அவளுக்கே அனுப்பினேன். கூட மூன்று தீ எமோஜி.

மார்ச் 10, திங்கள்

அன்றைய படங்களை வரிசையாகப் பார்த்தேன். லொறிக்குப் பின்னால் ஜெயந்தினி, காதில் ஃபோன், வாயைப் பொத்திய கை. அதையும் நான்தான் எடுத்திருக்கிறேன். மங்கலாக இருக்கிறதென்று ஒதுக்கியிருக்கிறேன்.

நான் என்னத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்?

மார்ச் 12, புதன்

பேனரை இறக்க வேண்டுமென்று ஹிஷாம் நானாவிடம் சொன்னேன். மூன்று இடத்தில் பேனர் கட்டியாயிற்று, அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருவார்கள், அவள் பெயரை மட்டும் போடாமல் விடலாமே என்றார். அவர் சொன்னதும் எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசை வந்தது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

காரணம் அவளுடையது, நான் சொல்ல முடியாது என்றேன். அது தொங்கினால் மற்ற இருபத்தொரு படமும் வராது என்றேன்.

"சரி தங்கச்சி. நான் ஏணியப் புடிக்கிறேன். நீங்களே கழட்டுங்க," என்றார்.

மார்ச் 13, பௌர்ணமி போயா விடுமுறை

மூன்றும் இறக்கியாகிவிட்டது. கையெல்லாம் கம்பிக் கீறல்.

மார்ச் 15, சனி

கச்சேரி. வெயிலும் மூடுபனியும் மாறி மாறி. ரெகேயின் நிதானம் எனக்கு ஒத்துவரவில்லை. பாட்டு சாவகாசமாக நடக்க, மனசு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த தோட்டத்துப் பெண்கள் முதலில் வேலியோரம் நின்றார்கள். நாலாவது பாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கூடாரத்தில் ஒருவர் டிரம்ஸ்காரனின் கையைப் பார்த்து, தப்பு மேளம் அடிக்கிற கை இப்படித்தான் இருக்கும் என்றார். பேனரில் இருந்த பெண் எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்றேன்.

நான்கு மணிக்கு ஜெயந்தினி வந்தாள். ஒவ்வொரு படமாக நின்று பார்த்தாள். அது இல்லையென்று உறுதி செய்துகொள்கிறாள் என்றே நினைத்தேன். வெளியே போகும்போது சொன்னாள்: "வர்ற சனிக்கிழம அப்பாவோட திவசம். அம்மா வீட்டுல. வர்றியா?"

மார்ச் 22, சனி

அவள் அம்மாவின் தோட்டத்து லய வீட்டில் காலையிலிருந்து காய் நறுக்கினேன். சுவரில் அப்பாவின் படம், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகம் புள்ளி புள்ளியாக இருந்தது.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஜெயந்தினியிடம் கேட்டேன், அப்பா எப்படி இருப்பாரென்று.

நல்ல உயரம் என்றாள். உள்ளேயிருந்து அம்மா, குட்டைதான் என்றார். அதற்கே இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.