விழுங்காத மாத்திரைகள்

12.3.1996, செவ்வாய். வில் நகரம், சுவிஸ்
ஈரல் மாற்றிப் பதினான்கு மாதம். இரத்தம் நல்லாயிருக்கிறதென்று குடும்ப டொக்டர் எக்லி சொன்னார். கேட்க நினைத்ததை இன்றும் கேட்கவில்லை. அதை உடம்பு தள்ளாமலிருக்கக் குடிக்கும் மாத்திரையால் மேலுதட்டிலும் கன்னத்திலும் மயிர் தடித்து வளர்கிறது. ஆரோ செத்துத் தந்த ஈரல் உள்ளே இருக்க, மீசைக்கா அழுகிறாய் என்று நினைக்கமாட்டாரா?

17.3, ஞாயிறு
பூசை முடிய, எங்கள் கோயிலுக்கு வரும் யூலியானா எல்லோருக்கும் முன்னால், "மலர், உமக்கு மீசை முளைக்குது" என்று சிரித்தாள். மகள் ஷரோன் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு இன்னும் நாலு கிழமைதான். படம் எடுப்பார்கள்.

18.3
மாலை மாத்திரையை விட்டேன். முதல்நன்மை முடியும் வரைக்கும்தான்.

14.4
பிள்ளை வெள்ளை உடுப்பில் நின்றாள். பக்கத்தில் நிற்கவே எனக்குக் களைப்பு. உடம்பெல்லாம் கடி, சொறிந்துகொண்டே நின்றேன்.

16.4
சலம் கழித்தால் தேத்தண்ணிச் சாயம் போலப் போகிறது. ஈரல் வருத்தம் தொடங்கிய காலத்து நிறம். இன்று இரண்டு நேரமும் விழுங்கினேன். பிந்திவிட்டதோ? மாதாவே, என் மனுசன் இவருக்கு எப்படிச் சொல்லுவன்?

17.4
மாதச் சோதனை. எக்லி என் கண்ணிமையை இழுத்து மஞ்சளைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்.

18.4, வியாழன்
டொக்டரே ரெலிபோன் எடுத்து உடனே வரச் சொன்னார். இவரும் வந்தார்.
"இரத்தத்தில மருந்து பாதியும் இல்லை. சத்தி எடுத்தனீங்களோ?"
"ஓம், வாந்திதான்" என்றேன். பொய்.
டொக்டர் இவரை வெளியே இருக்கச் சொன்னார். "நீங்கள் சொல்லுறதைத்தான் நான் சூரிச் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுவன். பிழையாச் சொன்னால் வைத்தியமும் பிழையாப் போகும்."
மீசைக்கு டொச்சில், இந்த ஜெர்மன் பாஷையில், என்ன சொல்? தெரியவில்லை. அழுதுகொண்டு கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.
டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நான் கண்டனான். கேட்டால் மனம் நோவீங்கள் எண்டு விட்டிட்டன். என்னிலயும் பிழை. மயிர் வளராத வேற மருந்து இருக்கு."
வேறு மருந்து இருந்ததா!
சூரிச் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் இவருக்குச் சொன்னேன். "விசரி, நீ செத்தால் நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

20.4, சூரிச் ஆஸ்பத்திரி
ஊசி குத்தி ஈரலில் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு ஈரலை ஏற்காமல் தள்ளுகிறதாம். சேலைனில் மருந்து ஏறுகிறது.

22.4
உடம்பில் மஞ்சள் குறையவில்லை. கண்ணை மூடவே பயமாயிருக்கு — ஷரோன், அம்மா வேணுமெண்டு செய்யேல்லையடி.

25.4
குறையத் தொடங்கிவிட்டது.

9.5, வில்
வீட்டுக்கு வந்து ஆறு நாள். எழுத்து கோணலாக வருகிறது, புது மருந்துக்குக் கை நடுங்குகிறது. காலையில் எக்லிக்கு நானே ரெலிபோன் எடுத்து, நடுக்கத்தை ஒளிக்காமல் சொன்னேன்.