நாற்காலியில் உட்கார்ந்த ஏரி

24-2-1983, வியாழன்

பாரிசுக்குப் பட்டு அனுப்பும் மைத்துனர் போன வருஷம் வாங்கி வந்த, ஓவியர் கல்லில் வரைந்து அச்சடித்த படத்துக்கு இன்னும் பிரேம் போடவில்லை. சர்ரியலிசம். ஓர் ஏரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே எழுபத்தைந்து பிரதிதான். இடது ஓரம் 31/75, வலது ஓரம் ஓவியரின் கையெழுத்து, இரண்டும் பென்சிலில். இந்த உத்திரமேரூரில் யாரிடம் காட்டுவது? நெல் விலை மட்டும் தெரிந்த ஜனங்கள். என் மனைவி கஸ்தூரியே, "இதுக்கா இவ்ளோ அலட்டிக்கினு கீறீங்க?" என்கிறாள். எனக்கு வாய்த்தது அப்படி.

28-2

காஞ்சிபுரம் மணவாளன் ஞாயிறு வருகிறார். பட்டு முதலாளி. இத்தகைய படங்கள் நிறைய வைத்திருப்பவர். என்னையும் ஒரு சேகரிப்பாளன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னால் என்ன?

1-3

மெட்ராஸில் பிரேம் போட மாதமாகுமாம். வேறு வழியின்றி பஸ் ஸ்டாண்டு வேதகிரியிடம் கொடுத்தேன். முருகனுக்கும் லட்சுமிக்கும் கண்ணாடி போடுகிறவன். "இது இன்னா சாமி சார்?" என்றான். இவனுக்கெல்லாம் பதில் ஒரு கேடா? "கறை, கோடு ஒண்ணும் இருக்கக் கூடாது. சுத்தமா இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

5-3

அழித்துவிட்டான். ரப்பர் வைத்து!

"சாமி படத்துல கடைக்காரன் பென்சில்ல வெல எழுதியிருப்பான் சார். அத்த அழிச்சிட்டுதான் பிரேம் போடுவோம். நீங்களும் சுத்தமா கேட்டீங்களே." பெருமை வேறு. முட்டாள் — அடிமுட்டாள். நாளைக்கு இன்னா பண்றது?

6-3, ஞாயிறு

மணவாளன் வந்தார். நேரே படத்தின் கீழ் ஓரத்துக்குக் குனிந்தார். "கையெழுத்து எங்கீது?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ வெறும் காகிதம்தான்."

நிமிர்ந்து படத்தைப் பார்க்கவேயில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். படம் பார்க்கத் தெரியாதவனெல்லாம் சேகரிப்பாளன்!

9-3

பரணில் போடச் சொன்னேன். கஸ்தூரி சமையலறையில் மாட்டியிருக்கிறாள். எக்கேடோ கெடட்டும்.

13-3, ஞாயிறு

சாப்பிடும்போது கஸ்தூரி கேட்டாள்: "ஏங்க, அந்த ஏரி ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்டுக்கினு கீதே, இன்னொண்ணு எங்க?"

ஏரிக்கு ஏது கால், ஏது செருப்பு என்று எரிந்து விழுந்தேன். அவள் கொல்லைப்புறம் போனதும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

இருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கால் தொங்குகிறது, நீலச் செருப்போடு. ஒரு வருஷமாக என்னிடம் இருக்கும் படம். வெட்கமாக இருந்தது.

இன்னொரு செருப்பை வெகுநேரம் தேடினேன். கிடைக்கவில்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டேன்.