மில்லுக்கார முல்லர்

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தது கோதுமை. துணிக்குழாய் வழியே மாவு சூடாக இறங்கியபோது, அந்த வாசனையோடு நீங்களும் வந்து நின்றீர்கள், வெள்ளைச் சட்டையில் மாவு படாமல் ஒதுங்கி. வெள்ளையில் வெள்ளை தெரியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஊருக்குத் திரும்பிய இடத்தில் நீங்கள் காலமாகிவிட்டதாகப் போன வாரம் கட்டட ஓனர் வந்து சொன்னார். அப்பா மிஷினை நிறுத்திவிட்டார். கரன்ட் போனால் தவிர பகலில் அது நின்று நான் பார்த்ததில்லை.

நீங்கள் முதன்முதலில் படியிறங்கி வந்த காலையிலும் இப்படித்தான் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. ஒரகடம் கம்பெனிக்கு வந்த ஜெர்மன் என்ஜினியர் நீங்கள். எங்கள் மில்லுக்கு மேல்மாடிதான் உங்கள் கெஸ்ட் ஹவுஸ். "அந்தாளு சத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா மில்ல காலி பண்ணிடணும்" என்று ஓனர் முன்பே அப்பாவிடம் சொல்லியிருந்தார். வேறு இடம் பிடிக்க எங்களுக்கு வழியில்லை. நீங்களோ நைட் ஷிஃப்ட் முடித்துச் சிவந்த கண்ணோடு நிற்கிறீர்கள். அப்பாவின் கை ஸ்விட்சுக்குப் போனது.

அந்த வார்த்தை உங்கள் வாயில் வருவதற்குள் நான்தான் என் ஓட்டை இங்கிலீஷில் பேர் கேட்டேன். முல்லர் என்றீர்கள். அப்பா பேர்? அதுவும் முல்லர். தாத்தா? முல்லர். கொள்ளுத்தாத்தா? அவரும். ஏன் சார், உங்கள் ஊரில் வேறு பேரே கிடைக்கவில்லையா என்றேன்.

சிரித்துவிட்டீர்கள். பிறகு பொறுமையாகச் சொன்னீர்கள். ஒரு காலத்தில் உங்களுக்கும் ஒற்றைப் பேர்தான். ஊர் பெருத்து, ஒரே பேரில் பத்துப் பேர் ஆனதும், அடையாளத்துக்குத் தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். கொல்லர் ஷ்மிட், தையல்காரர் ஷ்னைடர். தொழில் போனாலும் பேர் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது.

அப்போ முல்லர்? நீங்கள் எங்கள் மிஷினைக் கை காட்டினீர்கள்.

முல்லர் என்றால் மில்லுக்காரராம் என்று நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாது, நம்ம ஆளா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நீங்கள் உட்காராமல் குழாயடியில் உள்ளங்கையை நீட்டினீர்கள். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு ஒரு முல்லர் கையில் மாவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஷின் காலடியில் ரப்பர் கட்டை வைத்துக் கொடுத்தீர்கள். சத்தம் எப்படி என்று ஓனர் கேட்டதற்கு, அது எங்கள் குடும்பத் தொழில் என்றீர்களாம். அதற்கப்புறம் தினமும் காலையில், நான் கற்றுக்கொடுத்த மரியாதைத் தமிழில் அப்பாவைக் கேட்பீர்கள்: "இன்னா நைனா, மாவு கீதா?" அப்பாவும் சிரிக்காமல் "கீது நைனா" என்பார்.

ஒருநாள் நான் தனியாக அரைப்பதைப் பார்த்து, "நீ முல்லரின்" என்றீர்கள். முல்லரின் என்ன? முல்லரின் பேனாவா, முல்லரின் செருப்பா? தமிழில் இப்படி அந்தரத்தில் விடக்கூடாது என்று சண்டை போட்டேன். மில்லுக்காரி என்று அர்த்தம், ஜெர்மனில் அது அங்கேயே முடிந்துவிடும் என்றீர்கள்.

இப்போது அப்பா மதியம் தூங்கப் போகிறார், மில் என் கையில். கோதுமை கொண்டு வருகிறவர்கள் என்னை மில்லுக்காரர் பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கதையும் இப்படித்தானே தொடங்கியது? கீழே நான் போடும் கையெழுத்தை என் தமிழ் மிஸ் பார்த்தால் பின்னால் ஒரு சொல் குறைகிறது என்று சிவப்பு மையில் சுழிப்பார். சுழிக்கட்டும்.

இப்படிக்கு,
முல்லரின்