மாரிமுத்து ஊதியது

20.2.1979, செவ்வாய். லிந்துலை, தேயிலைத் தோட்டம்.

கொழுந்து உருட்டும் ரோலரில் ஒருவன் கை போன பிறகு தோட்டத்துத் துரை போட்ட உத்தரவு இது. எந்திரத்தைத் தொடுமுன் எல்லோரும் டீமேக்கர் முன்னால் வந்து வாயால் ஊதிக் காட்ட வேண்டும். ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் அந்த டீமேக்கர் நான். இன்று காலை துரையும் பக்கத்தில் நின்றார். மாரிமுத்து ஊதினான். சாராய வாடை.

"வாசந்தாங்க ஐயா இருக்கு, வெறி இல்லீங்க" என்று கையை நீட்டினான். கை நடுங்கவில்லை. துரை என்னையே பார்த்தார்.

"இன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல. வீட்டுக்குப் போ" என்றேன்.

நேற்று என் அப்பாவுக்குக் குழி வெட்டியவன் அவன். குழி வெட்டுகிறவனுக்குச் சாராயப் போத்தல் கொடுப்பது தோட்டத்து வழக்கம். கொடுத்தது நான்தான். துரை முன்னால் அதை அவன் சொல்லியிருக்கலாம். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வாடை அடித்தால் வெறி என்று ஆகிவிடுமா? துரையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கை போனவன் முகமும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்பாவின் இருமல் இல்லாமல் குவாட்டர்ஸ் பெரிதாக இருக்கிறது. நாளை விடிந்ததும் குழிக்குப் பால் தெளிக்கப் போக வேண்டும். கூட வருகிறேன் என்று சொன்னவன் மாரிமுத்து ஒருவன்தான்.