நான் பார்க்காத முகம்

1996 செப்ரெம்பர் 9, திங்கள்

இன்றிலிருந்து தலை நரைத்தவனிடமும் ஐ.டி. கேட்க வேண்டுமாம். போன கிழமை பொலிஸ் வந்து வயது காணாத இரண்டு பேரை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு போனதில் மனேஜர் டக் பயந்துவிட்டான். வாசலில் அவன் நிற்பான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அட்டையை வாங்கிப் பார்ப்பது என் வேலை. வருஷத்தைப் பார், படத்தைப் பார், முகத்தைப் பார், திருப்பிக் கொடு. பெயரை வாசித்திருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டு போகாதே என்று சொன்னான்.

நான் இந்த ஹோட்டலுக்குத் துணி தோய்க்க வந்தவள். கீழே இருந்த சாப்பாட்டுக்கடையைப் பெண்கள் உடுப்புக் கழற்றி ஆடுகிற பார் ஆக்கினார்கள். எனக்கு நாரிப்பிடிப்பு வந்து பாரம் தூக்க ஏலாமல் போக, வாசல் மேசையைத் தந்தார்கள். பகல் ஷிஃப்ற். வீட்டில் ‘ஹோட்டலில் வேலை’ என்கிறேன். பொய் இல்லைத்தானே?

வந்த வெள்ளைக்காரரில் பாதிப் பேர் கட்டைவிரலால் பெயரை மறைத்துக்கொண்டுதான் அட்டையை நீட்டினார்கள். கழுத்தில் ரை கட்டிய ஒரு கிழவனுக்குக் கோபம். ‘வயதைத்தானே பார்க்க வேண்டும், என் பெயர் உனக்கு எதற்கு?’ என்றான். நியாயமான கேள்வி. எனக்கு மட்டும் ஆசையா உன் பெயரை அறிய?

செப்ரெம்பர் 19, வியாழன்

பயந்தது நடந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறி வந்தார்கள். தொப்பியை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். மற்றவர்களின் அட்டையில் ஒரு பெயர் இருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் அட்டையில் தகப்பன் பெயரும் சேர்ந்தே வரும். வாசித்தால் ஊர், கோயில், தாய்மாமன் வரைக்கும் விளங்கிவிடும். அவனை எனக்குத் தெரிந்தால் அவனுக்கும் என்னைத் தெரியுமே! மன்னாரில் இருந்து வந்த சீமோனின் பெண்சாதி வேரோனிக்கா, புருஷன் செத்த பிறகு இப்படி ஒரு இடத்தில் இருக்கிறாள் என்று ஞாயிறு பூசைக்கு முன்னமே கதை போய்விடும்.

அதனால் எங்கள் ஆட்கள் வந்தால் வருஷத்தை மட்டும் பார்ப்பது. முகத்தை டக் பார்க்கட்டும். அவனுக்கோ நாங்கள் எல்லாரும் ஒரே முகம்.

ஒக்ரோபர் 2, புதன்

கண் வருஷத்தோடு நிற்குதா? இல்லை. இன்றைக்கு ஒரு அட்டை: ஸ்ரீஸ்கந்தராசா பிரவீனன். அகலம் முழுக்கப் பெயர். டக் எட்டிப் பார்த்துச் சிரித்தான். வெள்ளைக்காரன்கூட விரலால் மறைக்கிறான். இவன் பெயர் தெரியத் தெரியக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்டான். வாய் திறக்கவில்லை. வெட்கம் கெட்ட பிறவி.

ஒக்ரோபர் 18, வெள்ளி

ஸ்ரீஸ்கந்தராசா மகன் இன்றைக்கும். இந்தக் கிழமை இரண்டாம் தரம்.

நவம்பர் 10, ஞாயிறு

மாதாவே, நான் என்ன செய்ய?

மேல் வீட்டில் துர்க்காவுக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். நானும் மகள் ஷரோனும் இருப்பது இராஜரட்ணம் அண்ணை வீட்டு பேஸ்மென்ற்றில். இந்த வெக்ஸ்போர்ட்டில் வேறு யார் எனக்கு இந்த வாடகைக்கு இடம் தருவார்கள்? துர்க்கா அவர்களின் ஒரே பெண். பின்னேரங்களில் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. அண்ணையின் மனைவி ரதி அக்கா வடை சுடக் கூப்பிட்டார், போனேன். மாப்பிள்ளை, துர்க்காவின் தமையன் பிரியந்தனோடு பிக்கரிங் ஃபக்ரறியில் ஒன்றாய் வேலை செய்கிறவன். காலையில் இரண்டு பேரும் ஒரே காரில்தான் போவார்களாம். “பெடியன் தங்கம் அம்மா, நான் காரண்டி” என்று பிரியந்தன் அவன் தோளில் தட்டினான்.

நான் வடைத் தட்டை நீட்டினேன். “தாங்ஸ் அன்ரி” என்றான். அமைதியான முகம், குனிந்த பார்வை.

“பேரென்ன தம்பி?”

“பிரவீனன்.”

“அப்பான்ர பேர்?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“ஸ்ரீஸ்கந்தராசா.”

அட்டையில் வாசித்த அதே பெயர். என்ன நடிப்பு! துர்க்கா கதவுக்குப் பின்னால் நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அவனைப் பிடித்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

சொன்னால் ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் துர்க்கா ஒரு கள்ளனைக் கட்டுவாள். போகிறவன் எல்லாம் கெட்டவனா என்றால், அதுவும் இல்லை. நாள் முழுக்கப் பார்க்கிறேனே. பாதிப் பேர் பாவங்கள், பியர் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டுப் போகிறவர்கள். ஆனால் தலை குனிந்துகொண்டு தங்கம் மாதிரி நடிக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டக் சொன்னதும் மண்டைக்குள் கேட்கிறது. பெயரை வீட்டுக்குக் கொண்டு போகாதே. நானா கொண்டு போனேன்? வீட்டுக்கு அதுவே வந்து சோபாவில் இருந்து வடை தின்றது.

நவம்பர் 16, சனி

சொல்லிவிட்டேன். ரதி அக்காதான் வாயைக் கிளறினார். “நீர் நாலு இடம் போய் வாற ஆள். பெடியனைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீரே?”

“கிங்ஸ்ரன் றோட்டில உடுப்பில்லாமல் ஆடுற இடத்துக்கு ஒவ்வொரு கிழமையும் போறாராம், வாசல்ல அவற்ர பேரைப் பாத்ததெண்டு ஒரு ஆள் சொன்னது அக்கா.”

“ஆர் சொன்னது?”

“வேலை இடத்தில ஒரு ஆள். பேரைக் கேக்காதேங்கோ.”

அவர் பெயரைக் கேட்கவில்லை. சரியா என்று இன்னொரு தரமும் கேட்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஓம், நல்ல காரியம்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

கல்யாணப் பேச்சு குழம்பிவிட்டது. ரதி அக்கா தன் தங்கைக்குச் சொல்லி, தங்கை கோயிலில் சொல்லி, இன்றைக்குத் தமிழ்க்கடை மீன் பெட்டியடியில் எனக்கே ஒரு பெண் சொல்கிறாள்: “ஸ்ரீஸ்கந்தராசான்ர பெடியனாம், அங்கயே கிடக்கிறானாம், அங்க ஆடுற ஒருத்தியோட குடும்பமும் நடத்துறானாம்.” குடும்பமா? ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லையே. மீனை வாங்காமல் வந்துவிட்டேன்.

டிசெம்பர் 9, திங்கள்

இன்றைக்குப் பிரவீனன் மேல் வீட்டுக்கு வந்தான். பேஸ்மென்ற்றில் நின்றால் மேலே பேசுவதெல்லாம் கேட்கும். சத்தம் போடவில்லை, அழுதான்.

“அன்ரி, சத்தியமா நான் அந்த இடத்தைக் கண்ணாலையும் கண்டதில்லை. ஆரோ வாசல்ல என்ர பேரைப் பாத்ததெண்டு சொல்லினமாம். என்ர கார் லைசென்ஸ் வெயில் காலத்தில துலைஞ்சது. புதுசு எடுத்தனான். பிரியந்தனைக் கேளுங்கோ, அவன்ர முன்னாலதான் கார் முழுக்கத் தேடினனான்.”

“நல்ல கதை” என்றார் ரதி அக்கா. பிரியந்தன் அங்கேதான் இருந்தான். அவனுடைய சப்பாத்துச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு சொல் பேசவில்லை. கதவு சாத்துப்பட்டது.

பிறகு துர்க்கா கீழே வந்து என் கட்டிலில் இருந்தாள். “அன்ரி, ஹீ இஸ் நொட் லைக் தற். அவரோட நான் ஃபோன்ல கதைச்சனான். ஆர் இப்பிடிச் சொன்னது? வை வுட் சம்வன் டூ தற்?”

நான் அவளின் தலையைத் தடவினேன். இந்தக் கையால்.

டிசெம்பர் 10, செவ்வாய்

தொலைந்த லைசென்ஸ்.

நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு தரம்கூட. வருஷம் பார்த்தேன், பெயர் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே வந்த விரல்களைப் பார்த்தேன். என்ர முகம் தெரியக்கூடாதெண்டு குனிஞ்சு குனிஞ்சு... என்ர வேலையே முகம் பாக்கிறதுதானே, விசரி! அதைத் தவிர எல்லாம் செய்தாய்.

வந்தவன் பெயரை ஏன் மறைக்கவில்லை? இப்போது விளங்குகிறது. சொந்தப் பெயர் என்றால்தானே மறைக்க வேண்டும்.

அந்த அட்டை இன்னொரு தரம் வரட்டும். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இருப்பேன்.

1997 ஜனவரி 16, வியாழன்

வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா பிரவீனன். நிமிர்ந்தேன்.

பிரியந்தன்.

மேல் வீட்டுப் பிரியந்தன். துர்க்காவின் சொந்தத் தமையன். பிக்கரிங்கில் ஓவர்ரைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நிற்கிறவன். அவனும் என்னைக் கண்டுவிட்டான். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பனிக்குள் ஓடினான். கோதாரி விழுவான்! தன் பெயர் பழுதாகக் கூடாது என்று கூட்டாளியின் பெயரில் வந்திருக்கிறான். அந்தப் பெயரை ஊர் முழுக்க நாறடித்த பிறகும் அதையே கொண்டு வருகிறான்! ஏன் கொண்டு வரமாட்டான்? பழுதான பெயர்தானே, இன்னும் என்ன பழுதாகப் போகிறது?

ஜனவரி 17, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு ஷரோன் வர முன்னம் பிரியந்தன் கீழே இறங்கி வந்தான். கதவடியில் நின்றான்.

“அன்ரி, நான் உங்களைக் காணேல்லை. நீங்களும் என்னைக் காணேல்லை.”

“அந்தப் பெடியன் என்ன செய்தவன் உமக்கு?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே அன்ரி. சொன்னது ஆரோ. நீங்களோ?” முகத்தில் சிரிப்புக்கூட. “ஷரோனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் நல்லாப் பிடிச்சிருக்கு, என்ன?”

இவனுக்கு நான் சோறும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மேலே போனேன். யோசித்தால் போகமாட்டேன் என்று தெரியும். ரதி அக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எங்கே வேலை செய்கிறேன், எந்த மேசை, ஏன் குனிந்திருந்தேன், யாருடைய அட்டை, யாருடைய முகம்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

“நீ அங்கயோ வேலை செய்யிறாய்?”

“ஓம் அக்கா. அதுதான் சொல்லுறன், நான் கண்ணால கண்டனான்.”

“இவ்வளவு காலமும் என்ர வீட்டில இருந்துகொண்டு, அந்த இடத்தில... என்ர குமர்ப்பிள்ளை உன்ர கட்டில்ல வந்து இருக்கிறவள்! அங்க நிக்கிறவளின்ர சொல்லைக் கேட்டு என்ர பிள்ளையைச் சந்தேகப்படுறதோ?”

“நான்தானே அக்கா அந்தப் பெடியனைப் பற்றியும் சொன்னனான். அப்ப நம்பினீங்களே.”

“அப்ப நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது.”

ஆர் என்று தெரியாதவரைக்கும் என் சொல் வேதவாக்கு. கண்ணால் கண்டேன் என்று பெயரோடு சொன்னால் பொய். இராஜரட்ணம் அண்ணை ரீவியை நிப்பாட்டிவிட்டு மாசக் கடைசிக்குள் வேறு இடத்தைப் பார்க்கச் சொன்னார். வாங்கோ போங்கோ என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

துர்க்கா அறைக் கதவைத் திறக்கவில்லை. கேட்டிருப்பாள். கேட்காமல் இருக்க வழியில்லை.

பெப்ரவரி 1, சனி

எக்ளின்ரன் பக்கம் ஒரு அறை. சமையல் அந்த வீட்டில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு. ஷரோன் என்னோடு பேசுவதில்லை. “ஐ ஹேற் யுவர் ஜொப்” என்று ஒரு தரம் சொன்னாள். அவளின் பள்ளிக்கூட நண்பிகள் வரைக்கும் கதை போய்விட்டது. அவளைத் திட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

பிரவீனனின் ஃபோன் நம்பரை எப்படியோ தேடி அடித்தேன். வெட்டியிருக்கிறது. பிக்கரிங் வேலையையும் விட்டுவிட்டானாம்.

மார்ச் 19, புதன்

துர்க்காவுக்கு விட்பியில் மாப்பிள்ளை சரிவந்ததாம். சொந்த வீடு இருக்கிறதாம். பஸ்ஸில் கண்ட பெண் சொல்லிவிட்டு, நான் இருந்த சீற்றுக்குப் பக்கத்தில் இருக்காமல் பின்னுக்குப் போனாள். பிரியந்தன்தான் எல்லா ஒழுங்கும் செய்கிறானாம், பொறுப்பான தமையனாம்.

ஏப்ரல் 24, வியாழன்

மழை. மத்தியானம் ஆட்கள் இல்லை. ஈரச் சட்டையோடு ஒருத்தர் வந்து அட்டையை வைத்தார். பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். இப்போது நான் நிமிர்ந்துதான் பார்க்கிறேன்.

பிரவீனன். சவரம் செய்யாத முகம், நன்றாய் மெலிந்திருந்தான். குடி மணம் வந்தது.

“அன்ரி? நீங்கள் ரதி அன்ரி வீட்டில... வடை தந்தனீங்கள்.” மேசையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வாசல்ல பேரைப் பாத்த ஆள் நீங்களோ?”

“ஓம் தம்பி. முகத்தைப் பாக்கேல்லை. வந்தது பிரியந்தன். நான் பிறகு போய் அவையளுக்குச் சொன்னனான், அவை நம்பேல்லை...”

“அவனெண்டு எனக்கு அப்பவே விளங்கினது. ஆருக்குச் சொல்ல? அம்மா ஊரில இருந்து கடிதம் போட்டவ, இனி உனக்கு எழுதமாட்டன் எண்டு. துர்க்காவும் ஃபோனை எடுக்கேல்லை.”

“தம்பி, நீங்கள் இஞ்சை வராதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். வீட்டை போங்கோ.”

“வராமல் இருந்து என்னத்தைக் கண்டன் அன்ரி?”

அட்டையைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். பெயரை மறைக்கவில்லை. “இண்டைக்கு வடிவாப் பாருங்கோ” என்றான்.

பார்த்தேன். வருஷத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். படத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

என்ன பிரச்சினை, ஆள் சரிதானே என்று டக் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டான்.

சரி என்றேன்.