பால் வற்றக் கட்டிய மல்லிகை

அக்கா,

இன்று சாயங்காலம் டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் மலையாளி கடை வாசலில் மல்லிகைக் கூடை வைத்திருந்தார்கள். நான் புளியையும் இட்லி அரிசியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்த என் மகள் கூடைக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தாள். "மம்மி, இங்க வா. பெரியம்மா மணம் அடிக்கி!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் "வேற என்ன வேணும் சேச்சி?" என்று கேட்கிறார். பையில் போட்ட புளியையே நான் மறுபடி எடுத்து அவரிடம் நீட்டுகிறேன். பெரியம்மா மணமாம்! வெள்ளிக்கிழமை தவறாமல் நீங்கள் தலையில் வைத்துக்கொண்டது நிஜம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூ முதலில் வந்தது உங்கள் தலைக்கு அல்லவே. அவள் குடிக்க வேண்டிய பால் வற்றிப்போவதற்காக, என் மார்பில் வைத்துக் கட்ட வந்த பூ அது. வலி எனக்கு, வாசனை உங்களுக்கா? போய்ச் சேர்ந்த மனுஷி மேல் பொறாமைப்படுகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னவள்தானே நான். இப்போது மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நீங்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. நீங்கள் திருநெல்வேலிப் பக்கம், நான் பொள்ளாச்சி. உங்கள் பையன் தவழ ஆரம்பித்த நேரத்தில் எனக்கு இவள் பிறந்தாள். வயிற்றில் இவளைச் சுமந்தபோதே கழுத்தில் புற்றுக்கட்டி என்று தெரிந்து, கர்ப்பத்தின் பாதியிலேயே ஆபரேஷனும் முடிந்திருந்தது. மிச்சம் மீதி இருப்பதை அழிக்கக் கதிர்வீச்சு உள்ள ஒரு மருந்து கொடுக்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு அதிக நாள் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். அந்த மருந்து உள்ளே போகும்போது மார்பில் பால் இருக்கக் கூடாதாம். இருந்தால் மருந்து அங்கே போய்த் தங்கிவிடுமாம். "பாலை முழுசா நிறுத்திட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் தேதி" என்று சொல்லிவிட்டார்.

அப்போது இவள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாரில் வாய் வைக்கவே அப்போதுதான் சரியாகப் பழகியிருந்தாள். பொள்ளாச்சியில் அப்பா படுத்த படுக்கை, அம்மாவால் அவரை விட்டு வர முடியவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன்.

நிறுத்துவது என்றால் குழாயை மூடுவது போல என்று நினைத்திருந்தேன். கொடுக்காவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதானே! அடுத்த நாளே இரண்டு மார்பும் கல்லாகிவிட்டன. கையைக் கீழே இறக்க முடியவில்லை. சேலை பட்டால் உயிர் போயிற்று. காய்ச்சல் வேறு. டில்லி வெயிலில் கூலர் முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. வலி தாங்காமல் நான் பீச்சி எடுக்கப் போனபோது நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எடுக்க எடுக்க ஊறும்ட்டி. தாங்கவே முடியலன்னா கொஞ்சூண்டு எடு, மிச்சத்த விடு. ஒடம்புக்குத் தெரியட்டும், இனி பிள்ளை இல்லன்னு."

பிள்ளை இல்லை என்று உடம்புக்குத் தெரியட்டும்! எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள். தொட்டிலில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அது உங்களுக்குப் போதவில்லை. "எங்கூர்ல மல்லியப்பூவ வச்சுக் கட்டுவோம். மாத்திரையும் தின்னு, பூவும் கட்டு. எது கேட்டுதுன்னு கோர்ட்டுக்கா போவப் போறோம்?" என்றீர்கள். எங்கள் ஊரிலும் கட்டுவார்கள்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். அது உங்களுக்குப் புரிந்துவிட்டது. "ஒம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கா. பூவுக்கு அதெல்லாம் தெரியாது, கட்டுட்டி" என்று அதட்டினீர்கள்.

என் வீட்டுக்காரரைப் பூ வாங்க அனுப்பினோம். அவர் டில்லியில் பிறந்து வளர்ந்தவர், பாவம். பூ என்றால் அவருக்கு மந்திர் வாசலில் விற்பதுதான். லோதி ரோடு ஆபீஸிலிருந்து வரும் வழியில் மஞ்சள் செண்டுமல்லி மாலை இரண்டு வாங்கிக்கொண்டு, பெருமையாகப் படியேறி வந்தார். நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது? மாருல கட்டவா, மந்திரி கழுத்துல போடவா?" என்றீர்கள். காய்ச்சலோடு காய்ச்சலாக நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்ததில் மார்பு இரண்டும் குலுங்கி, வலியில் அலறினேன். நீங்களும் சிரித்துக்கொண்டே என்னைத் திட்டினீர்கள். மறுநாள் காலையில் உங்கள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்களே பஸ் ஏறி ஐ.என்.ஏ. போய் வந்தீர்கள்.

உங்கள் வீட்டுக்கார அண்ணாவின் பழைய வேட்டியைக் கிழித்து, பூச்சரத்தைச் சுற்றிவைத்து, இறுக்கிக் கட்டினீர்கள். சாயங்காலம் அவிழ்க்கும்போது பூவெல்லாம் பழுத்துக் கறுத்துச் சுருண்டிருக்கும். பால் கசிந்த புளிப்பும் மல்லிகையும் கலந்து ஒரு வாடை. அந்த வாடையில் எனக்குக் குமட்டும். புதுச் சரம் வைத்துக் கட்டிவிட்டு, மிஞ்சிய துண்டுச் சரத்தை நீங்கள் கொண்டையில் செருகிக்கொள்வீர்கள். அந்தத் தலையோடு கீழே போய் என் மகளுக்குப் பால் கொடுப்பீர்கள்.

ஆமாம், நீங்கள்தான் கொடுத்தீர்கள். பவுடர் பாலைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். நீங்கள் கேட்கக்கூட இல்லை. டாக்டரம்மாவிடம் போய் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்து, "நம்ம புள்ளயக் கொண்டா" என்று கையை நீட்டினீர்கள். முதல் தடவை என் கட்டிலில்தான் உட்கார்ந்து கொடுத்தீர்கள். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். சளக் சளக்கென்று அவள் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி உட்காருங்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். திரும்பினீர்கள். பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று ஆகிவிட்டது. என்னிடம் குடிக்கும்போது மூடியிருக்கும் அந்தச் சின்னக் கை உங்கள் மார்பில் விரிந்து கிடந்தது. அக்கா, அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

அவள் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பால் ஊறுகிறது என்று கீழே கொண்டுபோனீர்கள். கீழே கொண்டுபோனால் மட்டும்? சமையலறை ஜன்னல் வழியாக அவள் அழும் சத்தம் மேலே வரும். சத்தம் காதில் விழுந்ததும் மார்பில் சுருக் சுருக்கென்று குத்தும். அடுத்த நிமிஷம் வேட்டித் துணி நனைந்துவிடும். பூவும் நனைந்து சொதசொதவென்று ஒட்டும். மாத்திரையாவது மல்லிகையாவது! அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லாம் வீண். ஒருநாள் கட்டை மாற்ற வந்த நீங்கள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றீர்கள். புதுக் கட்டைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனீர்கள்.

அன்றிலிருந்து அவள் அழுகை கேட்கவே இல்லை.

ஜன்னலோரம் போய் நின்று பார்ப்பேன். உங்கள் குக்கர் விசில் கேட்கும். உங்கள் பையன் தரையில் டம்ளரைத் தட்டுவது கேட்கும். இவளிடமிருந்து ஒரு சிணுங்கல்கூட இல்லை. என்னிடம் இருந்தபோது பிளாக்கே அதிர அழுதவள், உங்களிடம் போனதும் அழ மறந்துவிட்டாளா? அப்படியென்ன இருக்கிறது உங்களிடம்? பால் நின்றுகொண்டே வந்தது. கல் இளகியது, வலி குறைந்தது. எனக்கு வயிறு மட்டும் எரிந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்து, தேதி குறித்துக் கொடுத்தார். மருந்து சாப்பிட்டுத் தனியறையில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையைத் தொடாமல் இருந்து, ஒருவழியாகக் கையில் வாங்கலாம் என்று ஆனபோது அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கீழே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் கையை நீட்டினாள்.

"உங்ககிட்ட மட்டும் இவ அழுகவே மாட்டாளாக்கா?" என்று வெடுக்கென்று கேட்டேன். பொறாமையில் குரல் கீச்சென்று வந்தது.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். "அழ விட்டாத்தானட்டி அழுவா? அவ அழுதா ஒனக்கு ஊறுதுல்லா. ஊறுனா மருந்து தள்ளிப் போவும். அதான் மொகத்தச் சுழிக்கும்போதே தூக்கி மாருல போட்டுக்கிடுவேன். ஒறக்கம் கெடக்கு சவம், அத எப்பவும் ஒறங்கிக்கிடலாம்."

உங்கள் கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உங்கள் பையனின் பங்கில் கைவைத்து, உங்கள் தூக்கத்தைத் தொலைத்து, அவள் வாயைத் திறக்கும் முன்பே திறந்து வைத்த மார்போடு காத்திருந்திருக்கிறீர்கள். நான் பிழைக்க வேண்டும் என்பதற்காக. அதைக் கேட்டதும் நான் உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. பாலைத்தான் கொடுத்தீர்கள் என்று நினைத்தால், அவள் அழுகையையும் அல்லவா நீங்களே வைத்துக்கொண்டீர்கள்! "உங்க மேல எனக்குப் பொறாமையா இருக்குதுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். "இருக்கத்தான் செய்யும். இருந்துட்டுப் போவட்டும், காப்பி குடிக்கியா?" என்றீர்கள்.

அது இருந்துகொண்டேதான் இருந்தது. அவள் முதலில் நடந்தது உங்கள் கூடத்தில். பேச ஆரம்பித்தபோது வந்த தமிழும் உங்கள் தமிழ். டில்லிப் பிள்ளை, வெளியே எல்லாம் ஹிந்தி. இருக்கிற கொஞ்சம் தமிழாவது பெற்றவள் தமிழாக இருக்கக் கூடாதா? வருதேன், சொல்லுதேன், இருக்கம்லா. போனில் என் அம்மா, "ஏங்கண்ணு, நம்ம புள்ள திருநெல்வேலிக்காரியாட்டப் பேசுறாளே?" என்று கேட்டாள். ஏட்டி என்றால் பெரியவர்களைக் கூப்பிடும் சொல் இல்லை என்றுகூட இவளுக்குத் தெரியாது. பிறந்தநாளுக்கு வந்த ஆபீஸர் வீட்டு மாமியைப் பார்த்து "ஏட்டி, கேக் தின்னு" என்றாள். மாமி முகம் போன போக்கு! நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினீர்கள்.

"நம்ம புள்ள" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் "என் பொண்ணு" என்று நான் திருத்துவேன். நீங்களும் சளைக்காமல் அடுத்த தடவையும் நம்ம புள்ள என்றே சொல்வீர்கள்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். கழுத்தில் கட்டி வந்த நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஒரு தலைவலிக்குக்கூடப் படுக்காத நீங்கள், போன தை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இவள் உங்கள் மேல் விழுந்து அழுத அழுகை இருக்கிறதே, அத்தனை வருஷமாக நீங்கள் அழ விடாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்கு வந்தது. நம்புவீர்களா, எனக்கு மார்பில் சுருக்கென்று குத்தியது. இவ்வளவு வருஷம் கழித்து! சட்டென்று முந்தானையை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை, காய்ந்துதான் இருந்தது. நான் செத்திருந்தால் இப்படி அழுதிருப்பாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. உங்கள் காலடியில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

பூ வாங்காமல் வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலையில் வைத்துவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வைத்துவிட்டு, மிஞ்சிய துண்டுச் சரத்தோடு சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜில் வைக்கும் முன்பு ஒரு தடவை மூக்கில் வைத்தேன். புளிப்பு இல்லாத வெறும் மல்லிகை மணம். எங்கிருந்துதான் வந்ததோ அழுகை, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு விசும்பல்தான் வந்திருக்கும். அதற்குள் ஓடி வந்துவிட்டாள். என்னைவிட உயரமாகிவிட்டாள், தெரியுமா? என் தலையைப் பிடித்துத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுத? சும்ம கெட. நான் இருக்கம்லா."

பெற்ற அம்மாவை ஏட்டி என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கூந்தலில் இருந்து உங்கள் மணம் வந்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. அழ விடாமல் அமர்த்துவதற்கு இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் இதையும் உங்கள் கையால்தான் நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததா, அக்கா?