கோழிக்குஞ்சின் குரல்

வெள்ளிக்கிழமை, இரவு.

ஒரு மாதமாக யாரோ ஒருவர் ஆன்லைன் கேமில் என் அணிக்கு வருகிறார். மைக்கில் பேசவே மாட்டார், சுடவும் தெரியாது. நான் வைத்த பெயர் கோழிக்குஞ்சு. இன்றும் முதல் ஆளாகச் செத்தார்.

"டேய் கோழிக்குஞ்சு, கூட்டுக்குள்ள போய்ப் படுடா" என்றேன்.

முதன்முறையாக அவருடைய மைக் திறந்தது.

"ஓம் மகன், படுக்கத்தான் போறன். நீ சாப்பிட்டியா?"

கட்டாரில் வேலை செய்யும் என் வாப்பாவின் குரல்.

"ஏன் வாப்பா முதலே சொல்லல்ல?"

"போன் கோல் எடுத்தா கேம்ல இருக்கன் எண்டு வெச்சிடுறாய். அதான் கேமுக்கே வந்திட்டன். நீ நல்லாக் கதைக்கிறாய்டா." சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு மாதமாக அவரை என்னவெல்லாம் ஏசியிருக்கிறேன். உடனே நானே கோல் எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தூங்கிவிட்டார் போல.